கசப்புக் குறைந்த பீர்: பெங்களூரில் புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, அலுவலக நண்பர்களுடன் முதல்முறையாக ஒரு பப்புக்குப் போய், கையில் கொடுத்த பீரில் இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தவர்கள் பலரை நான் அறிவேன். அல்சூரில் நீண்ட காலமாக வசிப்பவன் என்பதாலும், இந்த ஊரின் பீர் வகைகளை ஆர்வத்தோடு கவனித்து வருபவன் என்பதாலும், "கசக்காத பீர் என்று ஒன்று உண்டா?" என்று அவர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கும், அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கும் நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். 21 வயது நிறைந்து, தாமாகவே சுவைத்துப் பார்க்க முடிவு செய்தவர்களுக்காக எழுதியது இது. குடிக்காதவரைக் குடிக்கத் தூண்டுவது இதன் நோக்கம் அன்று.

பீர் ஏன் கசக்கிறது?

தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட், ஈஸ்ட், ஹாப்ஸ் ஆகிய நான்கும்தான் பீரின் அடிப்படைப் பொருள்கள். மால்ட் இனிப்பைத் தருகிறது. அந்த இனிப்பில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. எஞ்சிய இனிப்பு திகட்டாமல் இருப்பதற்காகவும், பீர் எளிதில் கெட்டுப்போகாமல் இருப்பதற்காகவும் சேர்க்கப்படுவதே ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. அந்தப் பூவில் ஆல்ஃபா அமிலங்கள் இருக்கின்றன. மால்ட் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைக்கும்போது அவை ஐசோ ஆல்ஃபா அமிலங்களாக உருமாறுகின்றன. பீரில் நாம் உணரும் கசப்பின் பெரும்பகுதி இவற்றிலிருந்து வருவதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஹாப்ஸை எவ்வளவு போட்டார்கள் என்பதைப் போலவே எப்போது போட்டார்கள் என்பதும் முக்கியம். கொதியின் தொடக்கத்திலேயே போட்டால் கசப்பு முழுமையாக இறங்கும். அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயிலோ, ஆறிய பிறகோ போட்டால் கசப்பு குறைவாகவும் மணம் மிகுதியாகவும் இருக்கும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லித் தழையைத் தூவுவதற்கும், அதையே முதலிலிருந்து கொதிக்கவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பூ மணமோ பழ மணமோ தூக்கலாக வீசும் பீர் எல்லாம் கசக்கும் என்றும் சொல்ல முடியாது, மணமே இல்லாத பீர் கசக்காது என்றும் சொல்ல முடியாது.

கசப்புக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. மால்ட்டைக் கருக வறுத்துச் செய்யும் ஸ்டவுட் போன்ற வகைகளில், டிகாக்ஷனில் இருப்பதைப் போன்ற வறுத்த கசப்பு தனியாகச் சேர்ந்துகொள்ளும்.

மற்றவர்கள் ரசித்துக் குடிக்கிறார்கள். எனக்கு மட்டும் கசப்பது ஏன்?

உங்கள் நாக்கில் குறை ஏதும் இல்லை. கசப்பை உணர்வதற்கென்றே மனிதர்களிடம் சுமார் 25 வகை உணர்வேற்பிகள் இருக்கின்றன. அவற்றை உருவாக்கும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே கிளாஸிலிருந்து குடிக்கும் இருவருக்குக் கசப்பு ஒரே அளவில் தெரிவதில்லை. இதோடு பழக்கமும் சேர்கிறது. சிறு வயதில் பாகற்காயை ஒதுக்கியவர் பின்னாளில் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும், சர்க்கரை இல்லாத காபியை முகம் சுளித்துக் குடிக்கத் தொடங்கியவர் பிறகு சர்க்கரை போட்டதைத் தொடாமல் போவதும் நாம் அன்றாடம் காண்பதே.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்குப் பிடிக்காமல் போனது உண்மையிலேயே கசப்புத்தானா? நம் மொழி சுவையை ஆறாகப் பிரித்து, கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. பீரை முதன்முதலில் குடிப்பவரோ ஒரே வாயில் வந்து மோதும் நான்கைந்து உணர்வுகளையும் சேர்த்துக் "கசக்கிறது" என்று சொல்லிவிடுகிறார். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

விழுங்கிய பிறகும் வாயில் தங்கி, அடுத்த வாய்க்குக் கையை எடுக்கவிடாமல் செய்வது கசப்பு. இதற்கு ஹாப்ஸ் குறைந்த வகைக்கு மாற வேண்டும். பச்சைப் பாக்கை மென்றதைப் போல நாக்கும் ஈறும் உலர்ந்து இழுத்துக்கொண்டால் அது துவர்ப்பு. தானியத்தின் உமியிலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வருவது, கோதுமை மிகுந்த பீர்களில் பொதுவாக மென்மையாக இருப்பது. சோடா குடித்ததைப் போல நாக்கில் சுருக்கென்று குத்தி மூக்குக்கு ஏறினால் அது வாயுவின் வேலை. வாய் அகன்ற கிளாஸில் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்தாலே பெரிதும் தணியும். தொண்டையில் சூடாக இறங்கினால் அது ஆல்கஹால். சதவீதம் குறைந்த பீருக்கு மாறுவதே தீர்வு. "பீர் கசக்கிறது" என்று சொன்னவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் ஒவ்வாமல் போனது இந்தச் சூடும் வாயுவும்தான் என்பது நான் பலமுறை கண்டது.

ஐபியு என்று எழுதியிருக்கிறார்களே, அது என்ன?

அது கசப்பை அளக்கும் பன்னாட்டு அலகு. ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருந்தால் அது 1 ஐபியு என்று கொள்ளலாம். தங்கள் இடத்திலேயே பீர் காய்ச்சிப் பரிமாறும் பெங்களூரின் மைக்ரோ ப்ரூவரிகள் பலவற்றில் மெனு அட்டையிலோ கரும்பலகையிலோ பீரின் பெயருக்கு அருகில் ஆல்கஹால் சதவீதத்தையும் இந்த எண்ணையும் எழுதி வைத்திருப்பார்கள். கடைகளில் விற்கும் பாட்டில்களில் இது பெரும்பாலும் இருக்காது.

முதல்முறை குடிப்பவர் 20க்குக் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கசப்பே ஆகாதவர் 15க்குக் கீழே பார்க்கலாம். ஜெர்மானியக் கோதுமைப் பீரான ஹெஃபவைசன் 8 முதல் 15 வரையிலும், பெல்ஜியத்தின் விட்பியர் 8 முதல் 20 வரையிலும், குளிர்ச்சியில் நொதிக்கவைத்துச் செய்யும் லாகர் வகையைச் சேர்ந்த, அமெரிக்க பாணியிலான லைட் லாகர் 8 முதல் 12 வரையிலும், ஜெர்மானிய வெளிர்நிற லாகரான மியூனிக் ஹெல்லஸ் 16 முதல் 22 வரையிலும் இருப்பது வழக்கம். இவற்றுக்கு மாறாக, செக் நாட்டு பில்ஸ்னர் 30 முதல் 45 வரையிலும், அமெரிக்க ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) 40 முதல் 70 வரையிலும் போகும்.

இந்த எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நாக்கில் தெரியும் கசப்பு, பீரில் எஞ்சியிருக்கும் மால்ட் இனிப்பைப் பொறுத்தது. 25 ஐபியு உள்ள, இனிப்பு மிகுந்த ஒரு கருநிறப் பீர், 18 ஐபியு உள்ள இனிப்பு எஞ்சாத வறண்ட லாகரைவிட மென்மையாகத் தெரியலாம். வெல்லம் போட்ட வேப்பம்பூப் பச்சடியிலும் வேப்பம்பூவின் கசப்பு அப்படியேதான் இருக்கிறது. வெல்லம் அதை மறைத்து வைக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் எந்த வகையிலிருந்து தொடங்குவது?

ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், விட்பியர் என்பேன். பெல்ஜியத்தில் பிறந்த இந்தக் கோதுமைப் பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் தனியா வறுத்து அரைத்து வளர்ந்த நமக்கு அந்த மணம் புதியது அன்று. அதனால்தானோ என்னவோ, நான் பரிந்துரைத்த தமிழ் நண்பர்களில் பெரும்பாலோர் முதல் வாயிலேயே இதனுடன் இணங்கிப் போனார்கள். வடிகட்டாத பீர் என்பதால் கலங்கலாக, இளமஞ்சளாக, மோரின் தெளிவைப் போன்ற தோற்றத்தில் இருக்கும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. இந்த வகை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பெல்ஜியத்தின் ஹூகார்டன் என்னும் ஊரில் பியர் செலிஸ் என்பவர் 1960களில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அவ்வூரின் பெயரையே தாங்கிய ஹூகார்டன் பீர் (4.9 சதவீத ஆல்கஹால்) பெங்களூரில் எளிதாகக் கிடைக்கிறது. கிங்ஃபிஷர் அல்ட்ரா விட்பியர், சிம்பா விட், பெங்களூரையே தாயகமாகக் கொண்ட கைஸ்ட் நிறுவனத்தின் விட்டி விட் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பீரா 91 ஒயிட் என்பதும் கசப்பைக் குறைத்துச் செய்யப்பட்ட கோதுமைப் பீரே.

அடுத்தது ஹெஃபவைசன். ஜெர்மானியச் சட்டப்படி இதில் பயன்படும் மால்ட்டில் குறைந்தது பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும். இதில் மசாலா எதுவும் சேர்ப்பதில்லை. ஆனாலும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் தெளிவாக வீசும். அவை இரண்டும் அந்த வகைக்கே உரிய ஈஸ்ட் உண்டாக்கும் வாசனைகள். பழுத்த வாழைப்பழத்தின் வாசனை பிடிக்காதவர் இதைத் தவிர்த்துவிட்டு விட்பியருக்கே போவது நல்லது. பிடிப்பவர்களுக்கு இதைவிட இதமான தொடக்கம் வேறில்லை. பெங்களூரின் மைக்ரோ ப்ரூவரிகளில் இந்த வகை இல்லாத இடத்தைக் காண்பது அரிது. இந்திராநகரில் 2010இல் தொடங்கிய டாய்ட்டில் "டாய்ட் வைஸ்" என்ற பெயரில் இது கிடைக்கும். அதே இடத்தின் "பாஸ்மதி ப்ளாண்ட்" அரிசியைச் சேர்த்துச் செய்யப்படுவது. அரிசி சேரும்போது பீரின் அடர்த்தி குறைந்து, சுவை மிருதுவாகும்.

கோதுமைப் பீரின் அடர்த்தியே பிடிக்காதவர்கள், தண்ணீர் போல லேசாக இருந்தால் போதும் என்பவர்கள், அரிசியோ சோளமோ கலந்த லாகர்களுக்குப் போகலாம். பட்வைசர், கொரோனா, கிங்ஃபிஷர் அல்ட்ரா ஆகியவை இந்த வரிசையில் வரும். கசப்பு இவற்றில் குறைவு. சுவையும் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புளிப்பு பிடித்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கோஸ, பெர்லினர் வைஸ போன்ற புளிப்புப் பீர்களில் ஐபியு பெரும்பாலும் பத்தைத் தாண்டாது. கோஸ வகையில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்வதால், உப்புப் போட்ட எலுமிச்சைச் சோடாவை நினைவூட்டும். மைக்ரோ ப்ரூவரிகளில் இவை அவ்வப்போதுதான் வரும். கரும்பலகையில் கண்டால் ஒரு சிறு கோப்பை கேட்டுப் பாருங்கள்.

கறுப்பாக இருக்கும் பீர் எல்லாம் அதிகம் கசக்குமா?

இல்லை. நிறம் மால்ட்டை எவ்வளவு வறுத்தார்கள் என்பதைச் சொல்லும், ஹாப்ஸின் கசப்பைச் சொல்லாது. டங்கல் என்னும் ஜெர்மானியக் கருநிற லாகர் ரொட்டியின் பொன்னிற ஓரத்தைப் போலவும் கருக்கிய சர்க்கரையைப் போலவும் சுவைக்கும். கசப்பு 18 முதல் 28 ஐபியு வரைதான். பொன்னிறமாகப் பளபளக்கும் ஐபிஏ அதைவிட இரண்டு மடங்கு கசக்கும். ஃபில்டர் காபியை விரும்புபவர் என்றால், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை சேர்த்த மில்க் ஸ்டவுட்டை முயன்று பார்க்கலாம். ஈஸ்டால் இந்தச் சர்க்கரையைச் செரிக்க முடியாததால் அது பீரிலேயே தங்கி, வறுத்த கசப்பைத் தணிக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஐபிஏ என்பதில் இந்தியா என்ற சொல் இருக்கிறது. அது நம் நாட்டுச் சுவைக்கு ஏற்றதாக இருக்கும் அல்லவா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு பப்பில், விளக்கம் எதுவும் இல்லாத பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்து ஒரு முழு கிளாஸ் வாங்கினேன். பரிமாறியவரும் எதுவும் சொல்லவில்லை. நிலவேம்புக் கஷாயத்தை நினைவூட்டிய அந்தக் கசப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு நான் பீரைத் தொடவே இல்லை.

இந்தியா பேல் ஏல் என்பது, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இங்கே இருந்த ஆங்கிலேயர்களுக்காகக் கப்பலில் வந்த, ஹாப்ஸ் மிகுந்த வெளிர்நிறப் பீரின் வழித்தோன்றல். நெடுங்கடல் பயணத்தைத் தாங்குவதற்கு ஹாப்ஸ் உதவியது. இந்தியச் சமையலுக்கோ இந்திய நாக்குக்கோ அதில் தொடர்பு எதுவும் இல்லை. முதல்முறை குடிப்பவர் தவிர்க்க வேண்டிய ஒரே பெயர் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். "டபுள்" என்ற அடைமொழியோடு வருவதை இன்னும் தள்ளியே வைக்க வேண்டும். "ஹேஸி" என்ற அடைமொழியோடு வருவதில் மாம்பழம், ஆரஞ்சு போன்ற மணம் மிகுந்து கசப்பு ஓரளவு மட்டுப்பட்டிருக்கும். ஆயினும் அதுவும் சில மாதப் பழக்கத்துக்குப் பிறகு வர வேண்டியதே.

ஸ்ட்ராங் பீர் இனிப்பாக இருக்கும், அதையே வாங்கு என்கிறார்கள். சரியா?

சரியன்று. இந்த ஆலோசனையைப் போலப் புதியவர்களுக்குத் தீங்கு செய்வது வேறொன்றும் இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் நாட்டில் 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளவை ஸ்ட்ராங் என்று விற்கப்படுகின்றன. இங்கே விற்பனையாகும் பீரில் பெரும்பகுதி இந்த வகைதான். இவற்றில் ஹாப்ஸ் கசப்பு மிகுதி அன்று என்பது உண்மை. ஒருவிதமான இனிப்பும் இருக்கும். ஆனால் அந்த இனிப்போடு தொண்டையைச் சுடும் ஆல்கஹாலும் வருகிறது. முன்பே சொன்னபடி, அந்தச் சூட்டையும் புதியவரின் நாக்கு கசப்பென்றே எடுத்துக்கொள்ளும்.

கணக்கையும் பாருங்கள். 8 சதவீதம் உள்ள 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. எடையில் ஏறத்தாழ 41 கிராம். 42.8 சதவீத விஸ்கியில் 30 மில்லி கொண்ட சிறிய பெக் ஒன்றில் இருப்பது சுமார் 10 கிராம். அதாவது "ஒரு பீர்தானே" என்று சொல்லிக்கொண்டு, புதியவர் முதல் நாளிலேயே நான்கு பெக் குடித்தவராகிவிடுகிறார். 4.8 சதவீதம் உள்ள 330 மில்லி பாட்டிலிலோ சுமார் 12 கிராம்தான். சுவை தெரிந்துகொள்வதற்காகக் குடிப்பவருக்கு இந்தச் சிறிய பாட்டிலே பொருத்தமானது; மேசையில் ஏற்கெனவே பெரிய ஸ்ட்ராங் பாட்டில் வந்துவிட்டாலும் "எனக்கு வேறு" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

கடையில் பாட்டில் வாங்குவது நல்லதா, மைக்ரோ ப்ரூவரிக்குப் போவது நல்லதா?

செலவைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால், முதல் அனுபவத்துக்கு மைக்ரோ ப்ரூவரியே சிறந்தது. யுனைடெட் ப்ரூவரீஸ் 1915இலிருந்து இயங்கிவரும், இன்றும் தலைமையகத்தை இங்கேயே வைத்திருக்கும் இந்த ஊருக்குப் பீர் நெடுநாள் உறவு. ஆனால் அந்தந்த இடத்திலேயே காய்ச்சி, வடிகட்டாமல், புதிதாகப் பரிமாறும் வழக்கம் இங்கே பரவியது 2010க்குப் பிறகுதான். இந்திராநகர், கோரமங்களா, ஒயிட்ஃபீல்டு என்று ஊரின் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்று அருகில் இருக்கும்.

அங்கே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முழு கிளாஸ் கேட்பதற்கு முன்பு சுவைத்துப் பார்க்கக் கேளுங்கள். இரண்டு மூன்று வகைகளைச் சிறு கோப்பையில் ஒரு வாயளவு தருவது பல இடங்களில் வழக்கம். சிறு கோப்பைகளில் ஐந்தாறு வகைகளை ஒரு பலகையில் வைத்துத் தரும் சாம்ப்ளர் என்ற ஏற்பாட்டையும் விலை கொடுத்து வாங்கலாம். ஒருவர் தனியாகக் குடிப்பதைவிட இருவர் மூவராகப் பகிர்ந்து சுவைப்பதற்கே அது ஏற்றது. சுவைக்கும்போது கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போக வேண்டும். ஐபிஏவை முதலில் சுவைத்துவிட்டால் அதன் பிறகு எந்தப் பீரின் மென்மையும் நாக்குக்குத் தெரியாது.

பரிமாறுபவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. "கசப்புக் குறைந்த கோதுமைப் பீர் எது?" என்று கேட்டால் போதும். தமிழ் தெரிந்தவர்கள் பல இடங்களில் பணியில் இருக்கிறார்கள். இல்லையென்றால் கன்னடத்தில் "கஹி கம்மி இரோது" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். டாஸ்மாக்கில் இருப்பதைக் கொடுங்கள் என்று வாங்கிப் பழகியவருக்கு இப்படி விசாரித்து வாங்குவது முதலில் புதிதாக இருக்கும். இங்கே அது எதிர்பார்க்கப்படும் உரையாடல்தான்.

கடையில் வாங்குவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஆல்கஹால் சதவீதம். அடுத்து, தயாரித்த தேதி. ஒயினைப் போலப் பீர் வைத்திருந்தால் மேம்படும் என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். நாம் பேசும் இந்த மென்மையான வகைகள் எல்லாம் புதிதாக இருக்கும்போதே நன்றாக இருப்பவை. பல மாதம் வெப்பத்தில் கிடந்த கோதுமைப் பீரில் அந்தப் பழ மணம் போய், நனைந்த அட்டையின் வாடை வந்துவிடும்.

மூன்றாவது, பாட்டிலின் நிறம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு கெட்ட வாடையை உண்டாக்கும். பழுப்பு நிறப் பாட்டில் அதைப் பெரிதும் தடுக்கிறது. பச்சையும் வெள்ளையும் அவ்வளவு தடுப்பதில்லை. கேனில் வெளிச்சமே புகாது. ஆகவே வெயிலும் குழல்விளக்கும் படும்படி அலமாரியில் அடுக்கிய வெள்ளைப் பாட்டிலை எடுக்காமல், குளிர்பெட்டியின் உள்ளிருந்து கேனையோ பழுப்புப் பாட்டிலையோ கேட்டு வாங்குங்கள். பீர் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியவர்களில் சிலர் ஒதுக்கியது இப்படிக் கெட்டுப்போன பாட்டிலையே.

எவ்வளவு குளிர்ச்சியாக, எப்படி ஊற்றிக் குடிக்க வேண்டும்?

குளிர்ச்சி நாக்கின் உணர்வை மந்தப்படுத்தும் என்பதால், 4 முதல் 7 டிகிரி செல்சியஸில் கசப்பு அடங்கியிருக்கும். சூடேற ஏறத் தலைகாட்டும். எனவே புதியவர் சிறிய கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, மீதியைக் குளிரிலேயே வைத்திருப்பது நல்லது. பீரில் ஐஸ் கட்டி போட்டால் சுவை நீர்த்துப்போகும். கசப்பு மட்டும் நீங்காது.

நுரையைப் பற்றி ஒரு செய்தி: கசப்புப் பொருள்கள் நுரையில்தான் கூடுதலாகச் சேர்கின்றன. நுரையை மட்டும் நக்கிப் பார்த்துவிட்டு "ஐயோ" என்று வைத்துவிடுபவர்கள் பீரின் மிகக் கசந்த பகுதியை மட்டுமே சுவைத்தவர்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி இரண்டு விரல் நுரை வரவிட்டு, அது சற்று அடங்கிய பின் நுரைக்கு அடியிலிருந்து பருகுங்கள். பாட்டிலிலிருந்து நேராகக் குடித்தால் வாயு வெளியேற வழியில்லாமல் நேரே வயிற்றுக்குப் போகும், மணமும் மூக்குக்கு எட்டாது.

எலுமிச்சைச் சாறோ ஸ்ப்ரைட்டோ கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. ஜெர்மனியில் பீரையும் எலுமிச்சைச் சோடாவையும் ஏறத்தாழச் சரிபாதி கலந்து ராட்லர் என்றும், இங்கிலாந்தில் ஷாண்டி என்றும் குடிப்பது நெடுநாளைய வழக்கம். கசப்பும் பாதியாகும், ஆல்கஹாலும் பாதியாகும். இதற்கு லாகர் பொருந்தும். ஏற்கெனவே மணம் நிறைந்த விட்பியரில் கலப்பது வீண். கிங்ஃபிஷர் ராட்லர் என்று இங்கே விற்பது ஆல்கஹாலே இல்லாத பானம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உடன் என்ன சாப்பிட்டால் கசப்பு தெரியாது?

உப்பு. பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறி வைப்பதை நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்கிறோம். அது சாற்றை வெளியேற்றுவதோடு நிற்பதில்லை, உப்பில் உள்ள சோடியம் நாக்கு கசப்பை உணர்வதையே குறைக்கிறது. அதனால் பெங்களூரின் காங்கிரஸ் கடலை (மசாலா வேர்க்கடலை), உப்பு வேர்க்கடலை, தேங்காய் மாங்காய் போட்ட சுண்டல், உருளைக்கிழங்கு வறுவல் ஆகிய எதுவும் கோதுமைப் பீருக்கு நல்ல துணை.

இந்த ஊரின் ஆந்திர உணவகங்களில் கிடைக்கும் பச்சை மிளகாய்ச் சிக்கனைப் பீருடன் சாப்பிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. புதியவருக்கு அது ஏற்றதன்று. மிளகாயின் எரிச்சலை வாயுவும் ஆல்கஹாலும் தூண்டிவிடும். எரிச்சலை அணைக்க வேகமாகக் குடிக்கத் தோன்றும். அளவு தெரியாமல் போகும். வெறும் வயிற்றில் குடிப்பதும் கூடாது. முதலில் ஏதாவது உண்டுவிட்டுத் தொடங்குங்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள்.

ஆல்கஹால் இல்லாத பீரில் தொடங்கலாமா?

தொடங்கலாம், கசப்புக்கு நாக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய அது நல்ல வழி. ஹைனெகன் 0.0, பட்வைசர் 0.0 ஆகியவை பெரிய கடைகளில் கிடைக்கின்றன. ஆல்கஹாலின் சூடு இல்லாமல் ஹாப்ஸின் கசப்பு மட்டும் எப்படி இருக்கும் என்பதை அவை தெளிவாகக் காட்டிவிடும்.

பழகப் பழகக் கசப்பு பிடித்துவிடும் என்கிறார்களே. பழகித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கசந்த பீரை முகம் சுளிக்காமல் குடிப்பதுதான் விவரம் தெரிந்தவரின் அடையாளம் என்ற எண்ணம் அலுவலக நட்பு வட்டங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹெஃபவைசனையே வாழ்நாள் முழுவதும் குடித்து மகிழ்பவர்கள் ஜெர்மனியின் பவேரியாவில் ஏராளம்; அவர்களைப் பீர் அறியாதவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிலருக்கு நாளடைவில் ஹெல்லஸ், பிறகு பில்ஸ்னர் என்று நாட்டம் மெல்ல நகரும். சிலருக்கு நகராது. மூன்று நான்கு வகைகளைச் சுவைத்தும் எதுவுமே பிடிக்கவில்லையென்றால், ஆப்பிளிலிருந்து செய்யும் சைடரை ஒருமுறை பார்க்கலாம்; அதில் ஹாப்ஸ் இல்லை. அதுவும் வேண்டாம் என்றால், எலுமிச்சைச் சோடாவோடு அதே மேசையில் அதே நண்பர்களோடு உட்கார்ந்திருக்கலாம்.

எவ்வளவு குடிக்கலாம்? யார் தவிர்க்க வேண்டும்?

உடல்நலத்துக்குப் பாதிப்பில்லாத அளவு என்று ஆல்கஹாலில் எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. கசப்புக் குறைந்த பீரில் இதைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். கசப்பு நம்மை மெதுவாகக் குடிக்கவைக்கும் ஒரு தடை. அந்தத் தடையை எடுத்துவிட்டால் கிளாஸ் வேகமாகக் காலியாகும். முதல் நாள் ஒரு சிறிய பாட்டில் அல்லது ஒரு கிளாஸ் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள்.

கருவுற்றிருப்பவர்கள் முற்றிலும் தவிர்க்க வேண்டும். கல்லீரல் கோளாறு, நீரிழிவு, யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களும், தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பார்லியிலும் கோதுமையிலும் குளூட்டன் இருப்பதால் அது ஒவ்வாதவர்களுக்கு இந்தப் பக்கத்தில் சொன்ன பீர்கள் ஆகா.

ஒரு கிளாஸ்தான் குடித்தேன், வண்டி ஓட்டலாமா?

கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி முதல்முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உடல் எடை குறைந்தவருக்கு ஒரே கிளாஸ் அந்த அளவுக்கு அருகில் கொண்டுபோய்விடும். பழக்கமில்லாதவருக்கு அதற்கு முன்பே கை கால் நிதானம் மாறியிருக்கும். இந்திராநகர், எம்.ஜி. ரோடு, ஒயிட்ஃபீல்டு மூன்றும் நம்ம மெட்ரோவின் ஊதா வழித்தடத்திலேயே இருப்பதால், வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மெட்ரோவில் போய்வருவது எளிது. கடைசி ரயிலின் நேரத்தை உள்ளே போவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.